அக்கா வைத்த ஒடுக்கு

வந்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். மறைந்த அக்காவைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரும்படி அக்கா மகள் கேட்டாள். சுத்தியல் பிடித்த கைக்குப் பேனா படிய மாட்டேன் என்கிறது. போதாததற்கு, ஒரு குழப்பம் என்னைப் போட்டு வாட்டுகிறது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன், பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது உசிலம்பட்டிப் பக்கம், மானாவாரிக் காட்டை நம்பிய குடும்பத்தில். எந்த வருடம் என்பதிலேயே குழப்பம்தான். பள்ளிச் சான்றிதழ் ஒன்று சொல்கிறது, எங்கள் அம்மா வேறொன்று சொல்வார். வாழ்க்கைப்பட்டது சோழவந்தானில். மச்சானுக்கு வெற்றிலைக் கொடிக்கால். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மச்சான் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட, பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த மகளைக் கூட்டிக்கொண்டு அக்கா பரவைக்கு வந்தார். என் பட்டறைக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்தோம்.

என் தொழில் பாத்திரங்களுக்கு ஒடுக்கெடுப்பது. குடமோ அண்டாவோ, விழுந்து நசுங்கி எது வந்தாலும் தட்டி நிமிர்த்திக் கொடுத்துவிடுவேன். ஈயம் பூச ஒத்தாசைக்கு வந்த அக்கா, ஒரு நாள் மிச்சம் கிடந்த செம்புத் தகட்டில் ஒரு வெற்றிலையைத் தட்டியெடுத்தார். தாம்பூலம் வைக்கிற தட்டு. நரம்பெல்லாம் அச்சு அசல். ஆனால் ஓரத்தில் பூச்சி அரித்த ஓட்டை, நடுவில் ஒரு நெளிசல்.

“ஏக்கா, நல்ல எலையாப் பாத்துச் செய்யக் கூடாதா?” என்றேன்.

“நல்லதெல்லாம் எண்ணி அடுக்கிக் கவுளி கட்டி யாவாரத்துக்குப் போயிரும்டா. உன் மச்சான் வீட்டுக்குக் கொண்டாந்ததெல்லாம் இதுதான்.”

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு ஆமணக்கு இலைத் தட்டு வந்தது, பூசணிப்பூக் கிண்ணம் வந்தது. எல்லாவற்றிலும் ஒரு வாடல், ஒரு கிழிசல். யார் வாங்குவார்கள் என்று நினைத்தேன். மதுரைக் கடைக்காரர் ஒருவர் வந்து, “அம்புட்டையும் எடுத்துக்கிறேன்க்கா” என்று வண்டியில் ஏற்றிப் போனார்! அந்த உழைப்பில்தான் மகள் கல்லூரி வரை படித்தாள். யார் தயவிலும் அக்கா ஒரு நாள்கூட நின்றதில்லை.

“தம்பி ஒடுக்கெடுக்கிறவன், அக்கா ஒடுக்கு வைக்கிறவ. நல்ல குடும்பம்” என்று கேலி பேசுவேன்.

“நீ பாட்டுக்கு எடு, நான் பாட்டுக்கு வைக்கிறேன். ரெண்டு பேருக்கும் பொழப்பு ஓடும்ல?” என்பார்.

கடைசி ஆறு மாதம் அக்காவுக்குக் கை நடுங்கியது. அப்போதும் சுத்தியலை விடவில்லை. செய்துகொண்டிருக்கும் தட்டு நழுவிக் கீழே விழும். எடுத்துக் கொடுத்தால், அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “கெடக்கட்டும்” என்பார். ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்காமல் விட்டுவிட்டேன். மடையன் நான்.

இந்த முதலாண்டு நினைவு நாளில், அக்கா விட்டுப்போன தட்டுகளை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுக்கலாம் என்று மகள் சொன்னாள். பளபளப்பாக்கித் தருகிறேன் என்று பட்டறைக்கு எடுத்துப் போனேன். முதலில் கையில் வந்தது ஒரு வெற்றிலைத் தட்டு. காம்புக்குக் கீழே ஒரு ஒடுக்கு. கை சும்மா இருக்குமா? சுத்தியலால் மூன்றே தட்டு, நிமிர்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மகள் வந்து நின்றாள்.

“மாமா! அது அம்மா வச்சது.”

“கீழ விழுந்ததும்மா.”

“இல்ல மாமா. அப்பா வெத்தல மடிச்சுக் குடுக்கையில பெருவெரல் வைக்கிற எடம் அது.”

“அம்மா சொல்லுச்சா?”

“சொல்லல. எனக்கு அப்படித்தான் தெரியும்.”

அவளுக்குத் தகப்பன் முகமே சரியாக நினைவில்லை. விரல் எப்படி நினைவிருக்கும்? ஆனாலும் தட்டைத் திரும்ப மடியில் எடுத்து வைத்தேன். அந்த இடத்தில் என் பெருவிரலை வைத்து அழுத்திப் பார்த்தேன், சுத்தியலாலும் பார்த்தேன். இத்தனை வருடம் ஒடுக்கெடுத்தவனுக்கு ஒன்றைத் திரும்ப வைக்கத் தெரியவில்லை. பட்டறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

மற்ற தட்டுகளை நான் தொடவில்லை.

ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றித் துணையிருந்த பரவைப் பெண்களுக்கும், அக்கா பார்த்துத் தட்டுவதற்கென்று கடைசி வரை பூச்சி அரித்த இலைகளாகப் பொறுக்கி அனுப்பிய சோழவந்தான் உறவுகளுக்கும், இறுதிப் பயணத்தில் தோள் கொடுத்த அனைவருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம்.

இன்று உங்கள் கைக்கு வரும் தட்டில் எது அக்கா நினைத்து வைத்தது, எது நழுவி விழுந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. நிமிர்த்தித் தரச் சொல்லிப் பட்டறைப் பக்கமும் கொண்டுவராதீர்கள். நான் நிமிர்த்திய அந்த ஒரு தட்டு மட்டும் உங்கள் யாருக்கும் கிடையாது. அது என்னிடமே இருக்கும்.