ஜெசிந்தாவின் மேசையும் என் மேசையும்

ஜெசிந்தா இறந்த செய்தி மஸ்கட்டுக்குப் போய்விட்டுத்தான் வெள்ளவத்தைக்கு வந்தது. திங்கட்கிழமை காலை கடையைத் திறந்து விசிறியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். மஸ்கட்டில் வேலை செய்யும் ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, "சேர், ஜெசிந்தா அக்கா மோசம் போயிட்டாவாமே, உண்மையா?" என்று அழுதார். ஞாயிறு பின்னேரம் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். பத்து வருடம் நான்கடி தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கு யாரும் சொல்லவில்லை. முதலில் வந்தது துக்கம் என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் முதலில் வந்தது எரிச்சல்.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னையும் அறிந்தவர்கள் சிரிப்பீர்கள். நான் அவர்மேல் பொறாமைப்பட்டேன் என்பது எங்கள் ஒழுங்கையில் தேநீர்க் கடைக்காரருக்குக்கூடத் தெரியும்.

காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் அந்த ஒழுங்கையில் எங்கள் கடை ஒரு சின்ன அறைதான். ஒரு போட்டோக்கொப்பி மெஷின், இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு மேசை. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும், போன இடத்தில் விசாவோ வேலை அனுமதியோ முடியப்போகிறவர்களுக்கும் படிவம் நிரப்பிக் கொடுப்பது எங்கள் வேலை. நான் யாழ்ப்பாணத்தில் நல்ல கல்லூரியில் படித்து, கொழும்புக் கந்தோர் ஒன்றில் முப்பது வருடம் ஆங்கிலத்தில் கடிதம் எழுதி ஓய்வு பெற்றவன். ஜெசிந்தா கொட்டாஞ்சேனைக்காரி, ஓ லெவலோடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் சனம் அவர் மேசைக்கு முன்னால் கிடந்த வாங்கில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். என் மேசைக்கு முன்னால் கதிரை சும்மா கிடக்கும். "சேர் ஃப்ரீயாத்தானே இருக்கிறார், அங்க போங்க" என்று அவரே இரண்டொரு பேரை என்னிடம் தள்ளிவிடுவார். அந்த "ஃப்ரீ" கண்ணில் மிளகாய்த்தூள் பட்டதுபோல எரியும்.

அவர் வேலை செய்யும் விதம் விசித்திரமானது. முகத்துவாரத்திலிருந்து ஒருவர் துபாய் கப்பல்துறை வேலைக்குப் போவதற்காக வந்திருந்தார். ஜெசிந்தா படிவத்தைத் தொடவேயில்லை. ஒரு தடித்த சீ ஆர் கொப்பியை எடுத்து, வெறும் பக்கத்தைத் திறந்து, பேனையை அவர் கையில் கொடுத்தார். "முதல்ல இதில உங்கட கையால எழுதுங்க. கொம்பனிப் பேர், என்ன வேலை, விசா எப்ப முடியுது, எல்லாம். பிறகுதான் நான் ஃபோர்ம்ல போடுவன்." அந்த மனிதர் வியர்த்து வழிந்து முக்கால் மணி நேரம் எழுதினார். நான் பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்திருப்பேன். "இதென்ன பள்ளிக்கூடமா?" என்று கேட்டேன். "அங்க பொலிஸ் கேக்கிற நேரம் நீங்களும் நானும் பக்கத்தில நிக்கமாட்டம், சேர்" என்றார். வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு யாரும் அப்படித் தலையாட்டியதில்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை, மழையால் யாரும் வராத ஒரு நாளில் சொன்னார். இருபத்தைந்து வயதில் குவைத்துக்குப் போயிருக்கிறார். விசாவில் வீட்டுப் பணிப்பெண் என்று இருந்தது. முதலாளியோ அவரைத் தன் தையல் கடையில் உட்கார வைத்துவிட்டான். பரிசோதகர்கள் வந்து என்ன வேலை என்று கேட்டபோது, தைக்கிறேன் என்று உள்ளதைச் சொன்னார். எட்டு நாள் தடுப்பில் வைத்து, உடுத்த உடையோடு விமானம் ஏற்றிவிட்டார்கள். "ஏஜென்சிக்காரன் என்ன எழுதினானெண்டு நான் பாக்கவே இல்ல, சேர். தாளில வேற ஒருத்தி இருந்தா. அவவத் தேடி வந்தாங்க, நான் மாட்டினன்." அதற்குப் பிறகு தன்னிடம் வந்த ஒவ்வொருவருக்கும் அவர் சொன்னது ஒன்றுதான்: "தாளில இருக்கிற ஆள் நீங்களாத்தான் இருக்கணும்." எனக்கு அந்த எட்டு நாளின் மேலும் பொறாமை வந்தது. முப்பது வருடக் கந்தோர் வாழ்க்கை எனக்குக் கொடுக்காத மரியாதையைத் தடுப்புமுகாம் அவருக்குக் கொடுத்திருந்தது.

மஸ்கட்டிலிருந்து அழைத்த பெண்ணும் அவருடைய ஆள்தான். ஒரு முறை அந்தப் பெண்ணின் வேலை அனுமதி முடிய மூன்று வாரமே இருந்தது. வீட்டுக்காரர் புதுப்பிக்காமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தார். ஜெசிந்தா தினமும் பதினொரு மணிக்கு அழைத்து, இன்று யாரிடம் போவது, எந்தத் தாளைக் காட்டுவது, எதில் கையெழுத்து வைக்கக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அனுமதி கிடைத்த நாளில் ஜெசிந்தா கடைக்கே கேக் வாங்கி வந்தார். நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன். வயிறெரிந்துகொண்டுதான்.

இனி என் மகனின் கதை. நான்கு வருடத்துக்கு முன் இளையவனுக்குக் கட்டாரில் வேலை கிடைத்தது. ஏசி திருத்தும் வேலை. போவதற்கு முன் இங்கே செய்யவேண்டிய பதிவுக்கு நானே படிவம் நிரப்பினேன். தொழில் என்ற இடத்தில் மேற்பார்வையாளர் என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதினேன். அவனுடைய தமையன் மெல்பேர்னில் பொறியியலாளர். சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் இளையவன் ஏசி திருத்துகிறான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விசாவில் ஏசி திருத்துபவர் என்றிருக்கப் படிவத்தில் வேறொன்று இருக்கக்கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. என் ஆங்கிலத்துக்கு முன்னால் அதெல்லாம் நிற்காது என்று நினைத்தேன்.

அவன் ஒரு தடங்கலும் இல்லாமல் போய்ச் சேர்ந்தான். "பாத்தீங்களே ஜெசிந்தா, கொப்பியும் இல்லை, ஒண்டும் இல்லை. பத்து நிமிசம்!" என்றேன். "ஓம் சேர். தம்பி நல்லா இருக்கட்டும்" என்றார். அதன்பின் நான்கு வருடமாக, வருகிற போகிற எல்லோரிடமும் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன், அவர் காதில் விழும்படி. ஒவ்வொரு முறையும் அவர் குனிந்து தன் வேலையைப் பார்ப்பார். தோற்றவர்கள் அப்படித்தான் குனிவார்கள் என்று எனக்குள் ஒரு குளிர்ச்சி.

கொட்டாஞ்சேனையில் செத்தவீட்டுக்கு வந்த கூட்டம் தெருவை அடைத்துவிட்டது. வரமுடியாதவர்களுக்காக யாரோ ஒருவர் கைபேசியைப் பெட்டிக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு முகம் போக இன்னொரு முகம் வந்து அழுதது. என்னுடையதற்கு எத்தனை பேர் வருவார்கள் என்று அங்கே நின்றபடியே யோசித்தேன். அடக்கம் முடிந்ததும் அவருடைய மகள் வந்து, "அம்மாட கொப்பியெல்லாம் கடையிலதான் கிடக்கு, சேர். அவங்கவங்க தாளை நீங்களே பாத்துக் குடுத்திருங்க" என்றாள்.

அடுத்த நாள் அவருடைய மேசையில் உட்கார்ந்து கொப்பிகளைப் புரட்டினேன். மூன்றாவது கொப்பியின் நடுவில் என் மகனுடைய கையெழுத்து இருந்தது. தொழில் என்ற இடத்தில் முதலில் மேற்பார்வையாளர் என்று எழுதி, வெட்டி, பக்கத்தில் ஏசி திருத்துபவர் என்று எழுதியிருந்தான்.

அங்கேயே இருந்து அவனுக்கு அழைத்து, அவன் எழுத்து இந்தக் கொப்பியில் எப்படி வந்தது என்று கேட்டேன்.

"போறதுக்கு முதல் ஞாயிறு ஜெசிந்தா அன்ரி வீட்டை போனனான், அப்பா. உங்கட ஃபோர்மோட போயிருந்தா கட்டுநாயக்கா எயார்போட்டிலயே திருப்பியிருப்பாங்கள். அவதான் புதுசா நிரப்பித் தந்தவ."

"ஏன்டா எனக்குச் சொல்லேல்லை?"

"அன்ரிதான் வேண்டாமெண்டவ. சேர் ஆசையில எழுதிட்டார், விடுங்க தம்பி எண்டவ." பிறகு, "எனக்கு அந்த ஆசை இல்லை அப்பா, உங்களுக்குத்தான்" என்றான்.

என் பிள்ளை என்னை நம்பாமல் அவரிடம் போயிருக்கிறான். பத்து வருடத்தில் வாங்கில் இருந்த அத்தனை பேரும் சேர்ந்து எரித்ததைவிட அது எரிந்தது. இன்னொன்றும் எரிந்தது. நான் பெருமையடித்த எந்த நாளிலும் அவர் ஒரு வார்த்தை சொல்லி என் வாயை அடைத்திருக்கலாம். நானாக இருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேன். நான்கு வருடம் அவர் குனிந்தது எதற்கென்று இப்போது தெரிகிறது. அந்த மனதின்மேல் எனக்குள்ள பொறாமை போகாது.

கொப்பித் தாள்களை உரியவர்களிடம் கொடுத்து வருகிறேன். மகனுடையதை மட்டும் கொடுக்கவில்லை, என் மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன். இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு, என் இளையவன் கட்டாரில் மேற்பார்வையாளர் என்று நானே சொல்லியிருக்கிறேன். அவன் அங்கே ஏசி திருத்துகிறான்.