மேசையில் போட்ட துளை

எங்கள் வேதக்கோயிலில், அப்பமும் திராட்சரசமும் வைக்கும் பழைய திருவிருந்து மேசையில் ஒரு துளை உண்டு. சுண்டுவிரல் நுழையும் அளவு. ஒலிபெருக்கி வயர் போவதற்காகப் போட்டது. போட்டவர் எலக்ட்ரீஷியன், போடச் சொன்னவன் நான்.

அந்த மேசையைச் செய்தவர் என் சித்தப்பா. ரெட்டியார்சத்திரத்தில் மரவேலை செய்தவர். மேசையைச் செய்து கொடுத்த மறு வருடமே இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. அதற்குப் பிறகு சனிக்கிழமை மதியமானால் சித்தி பஸ் ஏறித் திண்டுக்கல் கோயிலுக்கு வந்துவிடுவார். ஈரத்துணியால் ஒரு தரம், காய்ந்த துணியால் ஒரு தரம் மேசையைத் துடைப்பார். சின்னாளப்பட்டியில் வாங்கிய வெள்ளைத் துணியை விரித்து, நான்கு பக்கமும் சமமாகத் தொங்குகிறதா என்று தள்ளி நின்று பார்ப்பார். பிறகு அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பிவிடுவார்.

நான் சபைச் செயலாளராக இருந்தபோது, போதகர் ஐயா ஒரு கூட்டத்துக்காகச் சென்னைக்குப் போனார். அங்கே ஒரு பெரிய கோயிலின் மேடையைப் பார்த்து மயங்கி, போட்டோ எடுத்து என் போனுக்கு அனுப்பினார். கண்ணாடித் தரை, நீல விளக்கு, சுவரை அடைத்த திரை. "நம்ம கோயிலுக்கும் இதே மாதிரி வேணும் தம்பி" என்றார். நான் ஒரு கேள்வியாவது கேட்டேனா? அவர் திரும்பி வருவதற்குள் கட்டிக் காட்டிவிட வேண்டும் என்ற வெறி பிடித்துக்கொண்டது. பத்தே நாளில் முடித்தேன். மேசையை வடக்குச் சுவரோரம் தள்ளி, அதன்மேல் ஒலிபெருக்கிப் பெட்டிகளை வைத்தோம். திரும்பி வந்த போதகர் ஐயா மேடையைப் பார்த்து, "சபாஷ் தம்பி" என்றார்.

அந்தச் சனிக்கிழமை சித்தி துணியோடு வந்து நின்றார். துளையைத் தடவிப் பார்த்தார். "உங்க சித்தப்பா இதுல ஒரு ஆணிகூட அடிக்கலயே அப்பு" என்றார். கமிட்டிக்காரர்கள் சுற்றி நின்றார்கள். எனக்கு வெட்கம், அது கோபமாக வெளியே வந்தது. "மரத்தைப் போயி இம்புட்டுப் பெருசா நினைக்கிறீங்களே சித்தி. இதுவும் விக்கிரகந்தான்" என்றேன். சித்தி துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதன்பின் சனிக்கிழமைகளில் அவர் வரவில்லை. ஞாயிறு ஆராதனைக்கு வந்து, வடக்குச் சுவரோரம், வயர்களுக்கு நடுவே, மேசையை ஒட்டி உட்கார்ந்துகொள்வார்.

ஒரு ஞாயிறு வேதபாடம் வாசிக்கும் முறை எனக்கு வந்தது. யூதாவை ஆண்ட ஆகாஸ் ராஜாவின் கதை. தமஸ்குவில் அந்நியருடைய பலிபீடத்தைக் கண்டு ஆசைப்பட்டு, அதன் மாதிரியை எருசலேமுக்கு அனுப்புகிறான். அங்கே ஆலயத்தில் இருந்த உரியா என்ற ஆசாரியன், ராஜா வந்து சேருமுன்பே அதேபோலக் கட்டி முடிக்கிறான். ஆண்டவருடைய பழைய பீடம் வடக்குப் பக்கமாக ஒதுக்கப்படுகிறது. அந்த வரியை என்னை அறியாமலே இரண்டு தரம் வாசித்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தேன். சித்தி தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆகாசின் பாவத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். உரியாவைப் பற்றி ஒன்றுகூடக் கேட்டதில்லை. ராஜாவுக்காவது பீடத்தின்மேல் ஆசை. உரியாவுக்கு ராஜாவின் பாராட்டின்மேல். நான் கும்பிட்டது அந்த மேடையைக்கூட அல்ல, "சபாஷ் தம்பி" என்ற இரண்டு வார்த்தையை. விசுவாசிகள் நாம் கல்லையும் மரத்தையும்தான் விக்கிரகம் என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஆராதனை முடிந்ததும் மன்னிப்புக் கேட்கத்தான் சித்தியிடம் போனேன். வாயில் வந்ததோ, "சாப்டீங்களா சித்தி?"

"அந்த ஓட்டைய மட்டும் அடைச்சுரு அப்பு. கரையான் ஏறிரும்."

"அடுத்த வாரம் அடைச்சிர்றேன்" என்றேன். மூன்று மாதம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை சித்தி இறந்துபோனார். கோயிலுக்கு எடுத்துவரும் பையில் அந்த வெள்ளைத் துணி துவைத்து மடித்தபடி இருந்தது.

போதகர் ஐயா மாறுதலாகிப் போய்விட்டார். திரையில் பாதி எரிவதில்லை. மேசையைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டோம். சனிக்கிழமைதோறும் நான்தான் துடைக்கிறேன். வேப்பங்கட்டை சீவித் துளையை அடைத்துவிட்டேன். துணி விரித்தால் யாருக்கும் தெரியாது. துடைக்கும்போது என் விரல் மட்டும் அங்கே போய் நின்றுவிடுகிறது. சித்தி என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். அவர் உயிரோடு இருக்கும்போது அதை நான் செய்யவில்லை.