மாடி டாக்டர் கட்டிய கிடங்கு

என் வீட்டுக்காரருக்கு வெளியே ‘மாடி டாக்டர்’ என்று பெயர். ஒழுகுகிற மொட்டைமாடியில் நாலு எட்டு நடந்தாரென்றால் விரிசல் எங்கே என்று சொல்லிவிடுவார். கண்டவர் வீட்டு ஒழுக்கையெல்லாம் அடைத்த மனுஷனுக்குப் பெற்ற பெண்ணிடம் நல்லதாக நாலு வார்த்தை பேசத்தான் வரவில்லை.

மகள் படம் வரைவாள். எல்லாம் தாளில், நீர்வண்ணத்தில். பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒருநாள் ஆசையாகக் கொண்டுவந்து காட்டினாள். இதற்குச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாலாவது பிரயோஜனம் என்றார். அதோடு சரி, அப்புறம் இவர் கண்ணில் ஒரு படத்தையும் அவள் காட்டியதில்லை. வேலை கிடைத்து வெளியூர் போனபோது கட்டுக்கட்டாகப் படங்களைத் தன் அறையில் விட்டுவிட்டு, பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று என்னிடம் மட்டும் சொல்லிப்போனாள்.

பையனுக்குக் கல்யாணமாகி அந்த அறை அவனுக்குப் போயிற்று. படங்களை எங்கே வைப்பது என்று நான் கையைப் பிசைந்துகொண்டிருக்க, இவரே வாய் திறந்தார். எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. பின்கதவைத் திறந்தால் மரத்தூண்கள் மேல் ஒரு பலகைத் தளம். அதன் அடியில் குனிந்து நிற்கிற அளவுக்கு வெற்றிடம். அதைக் கிடங்காக்கித் தருகிறேன் என்றார். எனக்கு நம்பவே முடியவில்லை.

லீவு நாளெல்லாம் அங்கேயே கிடந்தார். பலகை இடுக்கில் வடிகிற மழையைத் தாங்க அடியில் சரிவாகத் தகரம், அதன் ஓரத்தில் வடிகால், சுற்றிலும் பலகைச் சுவர், கதவு விளிம்பில் ரப்பர், இணைப்பிலெல்லாம் பசை. எறும்பு நுழைய இடமில்லை. தரையில் மண் மேலேயே பலகை போட்டார். மேலிருந்து குழாயால் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு, உள்ளே போய்த் தடவிப் பார்த்துச் சிரித்தார். படக்கட்டுகளை யாரையும் தொட விடவில்லை, தானே சுமந்துபோய் அடுக்கினார். வாயால் கேட்க வராத மன்னிப்பை இப்படிக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மழைக்காலம் போனது. ஒருநாள் மகள் போன் செய்தாள். அவள் படங்களைக் கண்காட்சி வைக்கக் கேட்டிருக்கிறார்களாம். முதல் கண்காட்சி. அந்தப் பழைய படங்கள்தான் வேண்டுமாம். பக்கத்தில் நின்று கேட்டவர், “வரச் சொல்லு. அப்பா பத்திரமா வெச்சிருக்காருன்னு சொல்லு” என்றார்.

வந்தாள். இவர் முன்னால் போய்க் கதவைத் திறந்தார். குப்பென்று ஒரு நாற்றம். தகரம் காய்ந்துதான் இருந்தது. ஆனால் தாளெல்லாம் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. மண்ணிலிருந்து கிளம்பிய ஈரம் வெளியே போக ஓர் ஓட்டைகூட இல்லாமல் உள்ளேயே புழுங்கியிருக்கிறது. ஆயுசு பூரா மேலேயிருந்து வருகிற தண்ணீரோடு மல்லுக்கட்டியவருக்குக் கீழே பார்க்கத் தோன்றவில்லை.

அவள் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரித்ததெல்லாம் கிழிந்தது. கண்காட்சிக்காரர்களைக் கூப்பிட்டு முடியாது என்று சொல்லிவிட்டாள். நான் இவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். மகள் ஒன்றும் ஏசவில்லை. “பரவால்லப்பா” என்றாள், முகத்தைப் பார்க்காமல். என் ஏச்சுக்கெல்லாம் அசையாத மனுஷன் அதற்கு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலையில் துளைபோடுகிற சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். காலிக் கிடங்கின் தரைப் பலகையைப் பெயர்த்து மண்மேல் தார்ப்பாய் விரித்திருந்தார். சுவரில் மேலும் கீழுமாக ஓட்டை போட்டு, கம்பிவலை அடித்துக்கொண்டிருந்தார்.

“உள்ள வைக்கத்தான் ஒண்ணும் இல்லையே. இப்ப எதுக்குங்க இது?” என்றேன்.

திரும்பாமலே சொன்னார். “அவ இன்னும் வரைவா இல்ல?”

என்னைத்தான் கேட்டார். ஆனால் ஊருக்குக் கிளம்பிய மகள், பெட்டியோடு எங்கள் தலைக்கு மேலே பலகையில் நின்றுகொண்டிருந்தாள்.