வாசலுக்கு மேல் ஒரு தமேன்

தொண்ணூறுகளில், பர்மியத் தலைநகரின் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் குடியிருந்தபோது, கோடை வந்தால் எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு இரண்டாம் டிவிஷன் ஃபுட்பால்தான். ஒரு சினிமா டிக்கெட் விலைக்கு இரண்டு பேரும் உள்ளே போய், சூரியகாந்தி விதையும் கொறித்துவிட்டு வரலாம். நான் ஆட்டத்தைவிட ஆட்களைத்தான் பார்ப்பேன். ஊர் பேர் தெரியாத அணிக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறார்களே, இவர்களுக்கு என்ன வந்தது என்று ஒரே ஆச்சரியம்.

ஒரு வருடம் கத்துவதற்கு எனக்கும் ஆள் கிடைத்தது. எங்கள் கீழ்வீட்டுத் தம்பி ஓர் அரசாங்க இலாகா அணியில் கோல் கீப்பர். பந்து பிடிக்கத்தான் அவனுக்கு வேலையே கொடுத்திருந்தார்கள். வரிசையாக இரண்டு ஆட்டங்களில் லேசான பந்துகளை விட்டுவிட்டான். இன்னொன்று விட்டால் வேலை கிடையாது என்று அதிகாரி சொல்லிவிட்டாராம். மனைவிக்கு அப்போது ஏழு மாதம்.

அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. ஆட்டக்காரர்கள் மைதானத்துக்கு வரும் வாசலுக்கு நேர் மேலே உட்கார்ந்திருந்தோம். இடைவேளையில், காலையில் பபேடான் கடைத்தெருவில் வாங்கிய புதுத் தமேனைக் குடையிலும் முன்கம்பியிலும் கட்டி நிழல் செய்தேன். பாதித் துணி வாசலுக்கு மேல் தொங்கியது. தமேன் என்பது இங்கே பெண்கள் உடுத்தும் லுங்கி. அதன் அடியில் நடந்தால் ஆண்களின் பலம் போய்விடும் என்பது இந்த ஊர் நம்பிக்கை. எனக்குத் தெரியாதா என்ன? வீட்டில்கூடத் தாழ்ந்த கொடியில்தான் காயப்போடுவேன். ஆனால் கடைச் சீட்டைக்கூடக் கிழிக்காத புதுத்துணிக்கு ஏது தீட்டு? நம் தமிழ்ப் புத்தி அப்படிப் போய்விட்டது.

தம்பி முதல் ஆளாக வெளியே வந்தான். பின்னால் வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். நடுவர் விசில் ஊதி ஊதிக் களைத்தார். கூட்டம் என்னைப் பார்த்துக் கூச்சல் போட்டது. புதுசு என்று சொல்ல வாயெடுப்பதற்குள், "அடி வாங்கி வைக்காத, உக்காரு!" என்று வீட்டுக்காரர் என்னை இழுத்து உட்காரவைத்துத் துணியை அவிழ்த்தார்.

சற்று நேரத்தில் குழந்தை உருட்டிவிட்டாற்போல் ஒரு பந்து வந்தது. தம்பியின் கால்களுக்கு நடுவே புகுந்து வலைக்குள் போய்விட்டது. அந்த ஒரே கோலில் தோற்றார்கள். ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு குடைச்சல்: உடுத்தாத துணி எப்படி ஒருவனைக் கவிழ்க்கும்?

மறுநாள் காலை, துணி புதுசு என்று அந்த அதிகாரியிடமே காட்டிவிடலாம் என தமேனோடு கிளம்பினேன். படியில் தம்பி எங்களுக்காக மொகிங்கா என்ற மீன்குழம்புச் சேமியா வாங்கிய தூக்கோடு எதிரே வந்தான்.

"அக்கா, வேலை போகல! உங்க தமேன்தான் கவுத்துடுச்சுன்னு அதிகாரியே சொல்லிட்டாரு. எம்மேல தப்பே இல்லியாம்."

"அட போடா, அது புதுசு! இந்தா, சீட்டைப் பாரு!"

பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"பின்ன ஏன்டா விட்ட?"

"கை நடுங்குதுக்கா. போன ரெண்டு ஆட்டத்துலயும் அப்படித்தான்." குரல் இறங்கியது. "இது புதுசுன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

கோபம் கோபமாக வந்தது. தெரு முழுக்க என்னைத்தானே ஏசுகிறது! தூக்கை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். சீட்டைக் கிழித்துப் போட்டேன். அந்தத் தமேனையே உடுத்திக்கொண்டு மார்க்கெட்டுக்குப் புறப்பட்டேன். "அதே தமேன்தான்" என்று தேநீர்க்கடையில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. தப்பு செய்தவளைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.