தொண்டையில் விழுந்த காய்ப்பு

என் கணவர் பிரசங்கத்தை எப்போதும் ஒரே சொல்லில்தான் தொடங்குவார்: "கேளுங்கள்!" அந்த ஞாயிற்றுக்கிழமை 'கே' மட்டும் வந்தது. மிச்சம் வெறும் காற்று.

அவர் மயிலாடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் கிறிஸ்தவ சபையின் உபதேசியார். கோயில் மணியைவிட அவர் சத்தம் தூரம் போகும் என்று வயலில் நிற்பவர்கள் சொல்வார்கள். கேட்டதும் தலையைக் குனிந்துகொள்வார். காது மட்டும் குனியாது.

மிளகும் தேனும் கொடுத்துப் பார்த்தோம். பேசினாலே தொண்டை வலித்தது. புற்றோ, காசமோ என்று நான் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன்.

நாகர்கோவிலில் டாக்டர், கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடியை அவர் வாய்க்குள் விட்டு வெகுநேரம் பார்த்தார். குரல்நாண்களில் (சத்தம் பிறக்கிற இரண்டு மடிப்புகள்) காய்ப்பு என்றார். மண்வெட்டி பிடித்த கையில் விழுமே, அதுதான்.

"வாயப் பூட்டும் உபதேசியாரே. முணுமுணுக்கவும் கூடாது, அதும் பேச்சுதான். இனியும் கத்தினீருண்ணா சத்தம் திரும்பாது."

என் கணவர் கையோடு கொண்டுபோன சிலேட்டில் எழுதினார்: அறுப்பின் பண்டிகைப் பிரசங்கம்?

"வேற ஆளு செய்யட்டும்."

வேறு ஆள் இல்லை என்று எழுதிக் காட்டினார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "ஆண்டவருக்கு ஒம்ம விட்டா ஆளில்லியா?"

வீட்டில் இப்படி ஒரு நோயாளியை வைத்திருக்கும் பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். மருந்து தப்பினாலும் தப்பட்டும், பார்க்க வருகிறவர்களைக் கவனியுங்கள். கொட்டாரத்திலிருந்தும் அஞ்சுகிராமத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். "ஐயா, ஒங்க சத்தம் இல்லாம கோயிலு கோயிலாட்டே இல்ல" என்று அழுதார்கள். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வானத்தை நோக்கி ஒரு விரலைக் காட்டுவார். அதைப் பார்க்கவே இன்னும் சிலர் வந்தார்கள். பேச்சில் இருந்த பெருமை மௌனத்துக்குக் குடிமாறிவிட்டது.

பண்டிகைக்கு முந்தின வாரம் தொழுவத்தில் அவரைப் பிடித்தேன். மாட்டைப் பார்த்துப் பிரசங்கத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பயம் வந்தது.

"உள்ளதும் ஒரேயடியாப் போணும்ணா நெனைக்கிய?"

இந்த ஒருமுறை மட்டும், கர்த்தர் காப்பார் என்று எழுதினார்.

"கர்த்தரு காப்பாத்தத்தான் டாக்டர்ட்ட அனுப்பினாரு. நீங்க யாருக்குப் பிரசங்கம் பண்ணப் போறிய? அவருக்கா, ஒங்களுக்கா?"

சிலேட்டை அழித்தார்.

பண்டிகையன்று கோயில் முழுக்க வாழைக்குலையும் பூசணிக்காயும் நெற்கதிரும். பள்ளிக்கூட வாத்தியார்தான் பிரசங்கம். பாவம், நடுவில் வார்த்தை மறந்து நின்றுவிட்டார். ஒருவர் இருமினார். பிறகு எல்லாத் தலையும் என் கணவர் பக்கம் திரும்பியது.

அவர் எழுந்தார். ஆண்கள் பக்கம் அவர், பெண்கள் பக்கம் நான். வேட்டியைப் பிடித்து இழுக்கவும் வழியில்லை. பிரசங்க பீடத்தை நோக்கி நடந்தார். வாய் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது, அங்கிருந்த செம்பிலிருந்து தம்ளரில் தண்ணீர் ஊற்றி வாத்தியாரிடம் நீட்டிக்கொண்டிருந்தார். பிறகு பீடத்தின் கீழ்ப்படியில், ஜனங்களுக்கு முதுகைக் காட்டி, வாத்தியாரைப் பார்த்து உட்கார்ந்தார். வாத்தியார் குடித்துவிட்டுத் திக்கித் திக்கி முடித்தார். அன்று கோயிலில் அழுதவள் நான் ஒருத்திதான்.

காய்ப்பு மெல்ல அமர்ந்தது. சத்தம் திரும்பியது, ஆனால் பழைய சத்தம் அல்ல. காலையில் கொஞ்சம் இருக்கும், வெயில் ஏறினால் கரகரக்கும், விளக்கு வைத்தால் தீர்ந்துவிடும். எங்கள் வீட்டில் இப்போது பொழுதை அளப்பது அந்தத் தொண்டைதான். சொல்ல வேண்டியதைக் காலையிலேயே சொல்லிவிடுகிறோம், சண்டைகூட அப்படித்தான்.

பீடத்திலிருந்து பேசினால் பின்வரிசைக்கு எட்டாது. அதனால் கீழே இறங்கி, ஜனங்கள் உட்கார விரித்த பாய்களுக்கு நடுவில் நிற்கிறார். "கேளுங்கள்" என்று தொடங்குவதில்லை.

"கேக்குதா மக்கா?" என்கிறார். பதில் வரும்வரை நிற்கிறார்.