வைரஸ் பூட்டாமல் விட்ட குரல்

பேய், ஆவி என்று யாராவது பேச்சைத் தொடங்கினால் எழுந்து போய்த் துணி மடிக்கிற ஆள் நான். இதைக் கேட்டு நீங்களும் எழுந்து போகலாம், தப்பில்லை, ஆனால் முழுதாகக் கேட்டுவிட்டுப் போங்கள். மலாக்காவில், காஜா பேராங்கில் இருக்கிற எங்கள் வீட்டில், பட்டப்பகலில் நடந்தது இது.

முதலில் என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும், அத்தை என்றுதான் கூப்பிடுவேன். நாடு சுதந்திரம் அடைந்த சமயத்தில் ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டாள், அப்பா பிறப்பைப் பதியாமல் விட்டுவிட்டார், அதனால் ஆயுள் முழுக்க சிவப்பு ஐசி என்கிற அடையாள அட்டைதான், அதாவது இதே மண்ணில் பிறந்து இதே மண்ணில் தலை நரைத்தும் குடியுரிமை இல்லை. இதை மாற்றியே தீருவது என்று நான் இறங்கினேன். அத்தை பிறந்ததைக் கண்ணால் பார்த்தவர் உயிரோடு ஒரே ஒருவர்தான் இருந்தார், அன்று பிரசவம் பார்த்த அஞ்சலையம்மாள். அவரைத் தேடிப் போய், நடந்ததை எல்லாம் சொல்ல வைத்துக் கைப்பேசியில் பதிவு செய்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். குறுக்கே பேசாதீர்கள் என்று வக்கீல் சொல்லியிருந்ததால் நான் வாயே திறக்கவில்லை, கடைசியில் ஒரே ஒரு பதிலைத் தவிர. வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட வருவதற்குள் அஞ்சலையம்மாள் இறந்துவிட்டார். பிறகு என் கைப்பேசியும் பழுதாகிப் போனது. ஆக, அந்தக் குரல் இருந்தது ஒரே ஓர் இடத்தில்.

கம்ப்யூட்டர் கொஞ்ச நாளாகவே சரியில்லை. சும்மா இருக்கும்போதே விசிறி இரையும், ஆன்டிவைரஸ் தானாக அணைந்து கிடக்கும், கேமரா பக்கத்துச் சின்ன விளக்கு யாரும் தொடாமலே எரிந்து அணையும். பார்சல் வந்திருக்கிறது என்று பொய்யாக வந்த ஒரு மெயிலோடு ட்ரோஜன் நுழைந்திருந்தது. அது பிறகுதான் தெரிந்தது.

அன்று மதியம் அத்தையும் நானும் ஆயர் குரோவில் இருக்கும் வக்கீலைப் பார்க்கக் கிளம்பினோம். கம்ப்யூட்டரில் திறந்திருந்த எல்லாவற்றையும் மூடினேன், ஸ்பீக்கர் குமிழைத் திருகி அணைத்தேன், அது 'டக்' என்று சத்தம் போடும், அந்தச் சத்தம் காதில் விழுந்தது, இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். என் கணவர் ஜோகூரில் வேலையாக இருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை.

திரும்பி வந்து காடியை வாசலில் நிறுத்தினேன். கேட்டைத் திறக்கும்போதே உள்ளே பேச்சுச் சத்தம். அத்தை என் கையைப் பிடித்தார்.

"கமலா, அஞ்சலையம்மா குரல் மாதிரி இருக்கே. அவங்கதான் போயிட்டாங்களே?"

"நீங்க இங்கயே நில்லுங்க அத்தை."

பூட்டு பூட்டியபடிதான் இருந்தது. திறந்து உள்ளே போனேன், சமையலறை, குளியலறை, பின்வாசல் எல்லாம் பார்த்தேன், ஒருவரும் இல்லை. கம்ப்யூட்டர் திரை முழுக்கச் சிவப்பு. உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், பணம் கட்டினால் சாவி தருவோம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதற்குப் பின்னால் படங்கள், கடிதங்கள் எல்லாம் வெள்ளைத் தாளாக மாறி, கோப்புப் பெயர்களின் வால் ஏதேதோ எழுத்தாகக் கிடந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு சின்னப் பெட்டி. அதில் அஞ்சலையம்மாள் பேசிக்கொண்டிருந்தார்.

"தோட்டத்துல கொடி கட்டுன வாரம். நல்ல மழை. தாய்க்காரிக்கு இருபது வயசுகூட இல்ல, விடியறதுக்குள்ள போயிட்டா, புள்ள மூஞ்சியக்கூட சரியா பாக்கல..."

எனக்குப் பயம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். எவனோ ஒருவன் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு என் அத்தையின் வாழ்க்கையைப் பூட்டுவதா? அத்தையின் கைப்பேசியை வாங்கி, என்னோடு படித்த சாந்திக்குப் போன் அடித்தேன். புக்கிட் பாருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறாள்.

"மொதல்ல ரவுட்டர் ஒயர புடுங்கு. காசு கீசு கட்டிறாத."

பிடுங்கினேன்.

"அது என்னடி பேச்சு சத்தம்?"

"அந்தப் பதிவுதான். தானா ஓடுது. இரு, நிறுத்துறேன்."

"அலமாக், நிறுத்தாத! எல்லாம் போச்சு, அது மட்டும் ஏன் பொழச்சிருக்கு? ஓடிக்கிட்டு இருக்கிற ஃபைல அதால பூட்ட முடியல லா. நீ நிறுத்துன அடுத்த நிமிஷம் அதையும் புடிச்சிரும். அது பேசட்டும், நீ வேலைய பாரு."

அது பேசியது, நான் வேலையைப் பார்த்தேன். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது, இறந்துபோனவரின் குரல் காதுக்குப் பக்கத்தில் திரும்பத் திரும்ப மழையையும் பிரசவத்தையும் சொல்லிக்கொண்டிருக்க, நான் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஓடுகிற நிரல்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சாந்திக்கு வாசித்தேன். விண்டோஸின் சொந்த நிரல் போலவே ஒன்று இருந்தது, ஒரே ஓர் எழுத்து மட்டும் கூடுதல். "அதுதான் திருடன்" என்றாள். மூடினேன், உடனே திரும்ப முளைத்தது. மூட மூட முளைத்தது. அதை எழுப்பிவிட இன்னொன்று இருந்தது, அதை முதலில் மூடச் சொன்னாள். அதை மூடிவிட்டுத் திருடனையும் மூடினேன். விசிறி இரைச்சல் அப்படியே அடங்கியது.

"இப்ப பென்டிரைவ போடு. காப்பி பண்ணு. கழட்டு. அப்புறம் கம்ப்யூட்டர அணைச்சிட்டு, தொடாம எங்கிட்ட கொண்டா."

காப்பி ஆகி முடிந்ததும் பென்டிரைவைக் கழற்றினேன். கடைசியாக ஸ்பீக்கரை அணைக்கக் கை வைத்தேன். குமிழ் திருகித் திறந்திருந்தது.

கணவர் அன்றே போனில் சொன்னார், "ஹேக்கர்தான் தொறந்து விட்டிருப்பான், நீ பயப்படாத." பதிவை வேண்டுமானால் அவன் திறந்திருப்பான். அந்தக் குமிழ் கையால் திருகினால்தான் திரும்பும்.

மறுநாள் காலை சாந்தி கடையில் கம்ப்யூட்டரின் வன்வட்டைக் கழற்றி, வேறு சுத்தமான கம்ப்யூட்டரில் மாட்டி, உள்ளே புகுந்திருந்ததைத் தேடினோம். ஒன்றல்ல, இரண்டு இருந்தன. ஒன்று பூட்டுவது, இன்னொன்று உளவு பார்ப்பது. அந்த உளவாளி ஒரு மறைவான ஃபோல்டர் வைத்திருந்தது, நான் தட்டிய எழுத்துகள், கேமராவில் எடுத்த எங்கள் வரவேற்பறைப் படங்கள், மைக்கில் பிடித்த ஒலிகள். வெட்கமும் எரிச்சலுமாக இருந்தது. நாங்கள் வெளியே போயிருந்த நேரத்தில் பதிவான ஒலி ஒன்றும் அதில் இருந்தது. சாந்திதான் அதைத் தட்டி ஓடவிட்டாள்.

முதலில் 'டக்' என்ற சத்தம். பிறகு ஸ்பீக்கரில் அஞ்சலையம்மாள். அவர் ஒவ்வொரு வாக்கியம் முடிக்கும்போதும் மைக்குக்குப் பக்கத்தில் யாரோ "ம்" கொட்டினார்கள். கதை கேட்கிறவர்கள் கொட்டுவது போல. மெதுவாக, பெண் குரல். கடைசியில் அஞ்சலையம்மாள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார், "அந்தப் புள்ள இப்ப நல்லா இருக்கா?" அசல் பதிவில் கொஞ்சம் மௌனம், பிறகு "நல்லா இருக்காங்கம்மா" என்ற என் பதில். இதில் அந்த மௌனம் காலியாக இல்லை.

"நல்லா இருக்கா," என்றது அந்தப் பெண் குரல்.

சாந்தி நிறுத்தினாள். "கமலா, இது உங்க அத்தை குரல்தானே?"

"அத்தை என்கூட காடியில இருந்தாங்க சாந்தி."

அவள் மறுபடி ஓட்டினாள். இருவரும் கேட்டோம். அத்தையின் குரலேதான், அந்த லேசான கரகரப்புகூட இருந்தது, ஆனால் இருபது வயதுக்கு மேல் இருக்காது.

சாந்தி அந்த ஒலியை மூடினாள். பிறகு, "இதையும் சேர்த்து அழிக்கணும்டி. அந்த சனியன் சேர்த்தது எதையும் வச்சிக்கக் கூடாது," என்றாள். சரி என்றேன். வட்டை முழுக்கத் துடைத்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினோம், அவள் கடைக் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து மெயில், வங்கி எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் மாற்றினேன். பூட்டிப்போன படங்கள் போனது போனதுதான். பணம் கட்டவில்லை. அஞ்சலையம்மாள் பதிவை மட்டும் மூன்று இடத்தில் வைத்துவிட்டு, வக்கீலிடமும் கொடுத்தேன்.

குடியுரிமைக்காகப் பதிவிலாகாவுக்கு எத்தனை முறை நடந்தோம் என்று கேட்காதீர்கள். கடைசியில் அத்தைக்குக் குடிமக்களுக்கான நீல ஐசி கிடைத்தது. அன்று அவர் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினார்.

அந்த ஃபோல்டரில் கேட்டதை நான் அத்தையிடம் சொல்லவில்லை. சாந்தியும் சொல்லவில்லை. ஆனால் அத்தை எப்போதாவது, "அந்தப் பதிவ கொஞ்சம் போடும்மா" என்று கேட்பார். அசல் பதிவுதான் போடுவேன். அஞ்சலையம்மாள் அந்தக் கேள்வியைக் கேட்டதும், எனக்கு மௌனம் மட்டுமே கேட்கிற அந்த இடத்தில், அத்தை ஒவ்வொரு முறையும் தலையை நிமிர்த்தி, என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்து, யாருக்கோ பதில் சொல்வது போல் மெதுவாகத் தலையசைக்கிறார்.