வெள்ளிக்கிழமை மட்டும் எழுதியவர்

ஊருக்கு ஊர் பிரவுசிங் சென்டர் வந்திருந்த காலம். எங்கள் மாவட்டத்துக்காரர்கள் சிலர் இணையத்தில் மின்னஞ்சலில் பேசிக்கொள்ளும் ஒரு மடற்குழு வைத்திருந்தோம். நடத்தியவர் பெங்களூரில் கணினி வேலை பார்த்த என் நண்பர். நான் ஆம்பூரில் ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். பாலாற்றில் கழிவுநீர் விடும் தோல் பதனிடும் டேனரிகளை உடனே மூடச் சொல்லி ஆட்சியருக்கு ஒரு மனு தயாரித்தோம். வரைவு என்னுடையது.

எதிர்த்தவர் ஒரே ஒருவர். பெயர் போடமாட்டார். “மூடிட்டா வேலை செய்றவங்க கதி இன்னா சார்?” என்பதே அவர் கேள்வி. தொழிலாளியைக் காட்டித் தப்பிப்பது முதலாளிகளின் பழைய வழி. ஆகவே இவர் முதலாளியின் ஆள் என்று முடிவு கட்டினோம்.

“முதலாளி போட்ட பிரியாணி நல்லா இருந்துச்சா சார்?” என்று நான் எழுதினேன்.

“வந்தா உங்களுக்கும் ஒரு பொட்டலம் எடுத்து வெக்கிறேன். கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க சார்” என்று பதில் வந்தது.

நண்பர் பொறுமை இழந்தார். “பேஜார் புடிச்ச ஆளு. குழுவுல இருந்து தூக்கிடலாம். காரணத்த நீயே எழுதிக் குடு” என்றார்.

எழுதுவதற்காக அந்த மனிதரின் மடல்களை எல்லாம் எடுத்து வரிசையாகப் படித்தேன். ஒரு வசவுகூட இல்லை. எல்லாம் வெள்ளிக்கிழமை காலையில் எழுதியவை. எங்கள் பக்கத்து டேனரிகள் பலவற்றில் வார விடுமுறை வெள்ளிக்கிழமைதான். முதலாளி என்றால் எந்த நாளும் எழுதலாம். விடுமுறைக்குக் காத்திருப்பவர் தொழிலாளி. பெங்களூரில் இருப்பவருக்கு இது தோன்றாமல் போகலாம். உள்ளூரில் இருந்த எனக்குச் சாக்கு இல்லை.

தனியாக எழுதி மன்னிப்புக் கேட்டேன். டேனரியில் வேலையா, ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றும் கேட்டேன்.

“சொன்னா மட்டும் நம்பி இருப்பீங்களா சார்? டிரம்முல தோல் ஏத்தி எறக்குறேன். தண்ணி கெட்டுப்போனது எனக்கும் தெரியும். எங்க தெருக் கெணத்துல துணிகூட அலச முடியல. உங்க மனுவுல தப்பு இல்ல. ஒரு வரி கம்மியா இருக்கு, அவ்ளோதான்.”

மூடியிருக்கும் காலத்துக்குத் தொழிலாளிகளுக்குக் கூலி தர வேண்டும் என்ற வரியைச் சேர்த்தேன். நண்பர் போன் செய்தார்.

“இன்னாடா, நீயும் அந்தப் பக்கம் போய்ட்டியா?”

“பக்கம் மாறல. மூடணும்னுதானே இப்பவும் எழுதி இருக்கேன்.”

இரண்டு நாள் கழித்து ஒப்புக்கொண்டார்.

தாளில் கையெழுத்து வாங்கத் தொடங்கியபோது அந்த மனிதர் என் அறைக்கே வந்தார். நாற்பது வயது இருக்கும். நகக்கண்ணில் தோல் பதனிடும் ரசாயனத்தின் நீலம் படிந்திருந்தது. மனுவை நின்றபடியே இரண்டு தரம் படித்துவிட்டுப் பேனா கேட்டார்.

“நீங்க போட வேணாம். கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலை போய்டும்” என்றேன்.

“நான் கேட்ட வரிய நீங்க போட்டுட்டீங்க. இப்ப நான் பேர் போடாம நழுவிட்டா நல்லாவா இருக்கும்?” என்று சொல்லி, பெயரையும் தெருவையும் முழுதாக எழுதினார்.